சாயும் ராக்கெட்டும் தொங்கும் மோட்டாரும்

மாணவர்கள் செய்த மாதிரி ராக்கெட்டைப் பறப்பதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி அவ்வப்போது என்னை அழைப்பார்கள். போனதும் ஆவலோடு மடிக்கணினியைத் திறந்து நிரலைக் காட்டுவார்கள். நான் முதலில் கை வைப்பது, புகை கக்கி ராக்கெட்டைத் தள்ளும் மோட்டாரைத் தாங்கி, அதைப் பக்கவாட்டில் திரும்பவிடும் கிம்பல் என்ற சட்டத்தில்தான். வால் துடுப்பு இல்லாத ராக்கெட்டை நிமிர்த்திப் பிடிக்க அதை விட்டால் வேறு ஆள் இல்லை.

அண்மையில் ஒரு குழு தன் ராக்கெட்டை வலப்புறம் சாய்த்துக் காட்டியது. கிம்பலைத் திருப்பும் சிறு மின்மோட்டார்களான இரண்டு சர்வோக்களும் உறுமின. உடல் சாய்ந்தாலும் மோட்டார் தூக்குக்குண்டு போல நேராகத் தரையைப் பார்த்தது. எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. அப்படியே பறந்திருந்தால் ஏவுதண்டை விட்டதும் குப்புற விழுந்திருக்கும்.

உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடியவர்களுக்கு இது புரியும். துடைப்பம் வலப்புறம் சாய்ந்தால் கையும் வலப்புறம் போக வேண்டும். ராக்கெட்டின் அடிப்பகுதியை வலப்புறம் தள்ள வேண்டுமானால் புகை இடப்புறம் பீறிட வேண்டும். அதாவது, ஏற்கெனவே இடப்புறம் ஒதுங்கிய நாசில் (மோட்டாரின் புகைவாய்) இன்னும் இடப்புறம் திரும்ப வேண்டும். கண்ணுக்குத் தவறாகத் தெரிவதுதான் இங்கே சரி. மாணவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. 1926இல் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்ட காடர்டே, எஞ்சினை மேலே வைத்தால் மற்றவை ஊசல் போலத் தொங்கி நிமிர்ந்து நிற்கும் என்று நம்பியவர்தான்.

நிரலில் ஒரு கூட்டல்-கழித்தல் குறியை மாற்றியதும் அந்தக் கோளாறு தீர்ந்தது. அடுத்தது அப்படித் தீரவில்லை. நாசிலை விரலால் தள்ளினேன். சர்வோ அசையாமலே அது ஆடியது. பட்டறையில் இதை 'ப்ளே' என்பார்கள். இணைப்புக் கம்பி நுழையும் துளை அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி அது மாட்டப்பட்டிருந்ததால் கணக்குப்படி ஏறத்தாழ 1.4 பாகை ஆட்டம். மொத்தமே ஐந்து பாகை திரும்பும் கிம்பலில் இது மிக அதிகம். கட்டுப்பாட்டுக் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மோட்டார் இப்படியும் அப்படியும் துள்ளிக்கொண்டே இருக்கும்.

பல்சக்கரம் மட்டமானது என்று சர்வோவின் மேல் பழி போடுவதுதான் வழக்கம். அதன் கை 30 பாகை திரும்பும்போது மோட்டார் ஐந்து பாகை திரும்பினால், சர்வோவுக்குள் இருக்கும் ஆட்டம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துதான் மோட்டாருக்கு வரும். மோட்டார் பக்கத்துத் துளையிலும் அச்சிலும் உள்ள ஆட்டமோ குறையாமல் அப்படியே வரும். ஆகவே விலை உயர்ந்த சர்வோ வாங்கும் முன் அங்கே சிறிய பேரிங் போடுங்கள்.

ஒற்றை மோட்டாரை எப்படித் திருப்பினாலும் ராக்கெட் தன் அச்சில் பம்பரமாகச் சுழல்வதைத் தடுக்க முடியாது. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில்கூட விகாஸ் எஞ்சினைத் திருப்புவதோடு, சுழற்சிக்கென்று தனி ஏற்பாடு உண்டு.

பாராசூட்டைத் தள்ள மேல்முனையிலும் வெடிக்கும் வகை மோட்டாரைக் கிம்பலில் போடாதீர்கள். அந்தச் சூடான வாயு நேராகச் சர்க்யூட் போர்டில் பாயும். பிளாஸ்டிக்கிலும் கவனம் தேவை: முப்பரிமாண அச்சில் பயன்படும் பி.எல்.ஏ. சுமார் 60 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும்.

மோட்டார் கிடைக்கவில்லை என்று வெடியுப்பையும் சர்க்கரையையும் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். 1884 வெடிபொருள் சட்டம் ராக்கெட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. என்னிடம் வந்த குழுவிடம் மோட்டாருக்கான அனுமதிக் கடிதம் இல்லை. அது கிடைக்கும்வரை மோட்டாரின் அதே எடையுள்ள மரக்கட்டையை மாட்டி, துளையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.