ஒரு கைப்பிடி என்பது எவ்வளவு?

ஆலோசனைக்கு வருபவர்களிடம் ஒரு வாரம் உண்டதையெல்லாம் எழுதிவரச் சொல்வது என் வழக்கம். எடை குறையவில்லையே என்ற கவலையோடு வந்த ஒருவர், காலை முதல் இரவு வரை அனைத்தையும் ஒழுங்காகக் குறித்திருந்தார். முந்திரியும் உலர் திராட்சையும் மட்டும் குறிப்பேட்டில் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் உடம்புக்கு நல்லதுதானே, அதையும் எழுத வேண்டுமா?" என்றார். மேசைமேல் இருந்த முந்திரி டப்பாவைத் திறந்து, வீட்டில் எடுப்பதைப் போலவே ஒரு கை அள்ளித் தராசில் போடச் சொன்னேன். 62 கிராம் காட்டியது. ஏறக்குறைய 340 கலோரி. அவர் அப்படி நாளுக்கு இருமுறை அள்ளுகிறார்.

கொட்டைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம். பாதாம் மட்டும் என்றால் எண்ணிக்கையில் 23 அல்லது 24. முந்திரி என்றால் 18. வால்நட் என்றால் ஏழு முழுக்கொட்டைகளின் பருப்பு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு நாளுக்கான முழு அளவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றிலும் அந்தந்த எண்ணிக்கைப்படி எடுத்துக்கொள்கிறார்கள். இதயநோய்த் தடுப்பில் பலன் கண்டதாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஸ்பெயின் நாட்டின் பிரெடிமெட் ஆய்வில், கொட்டைகள் பெற்ற குழுவினருக்குத் தரப்பட்டதும் 15 கிராம் வால்நட், ஏழரை கிராம் பாதாம், ஏழரை கிராம் ஹேசல்நட் என மொத்தம் 30 கிராம்தான்.

கொட்டைகளில் உள்ள கொழுப்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதும் உண்மை. முழுப் பாதாமை எவ்வளவு மென்றாலும் அதன் செல் சுவர்கள் சில உடையாமல் தங்கிவிடுவதால், உள்ளிருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. இதைக் கேட்டவுடன் இன்னொரு கை அள்ளிக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டதாகச் சிலர் எடுத்துக்கொள்வதால், நான் சற்றுத் தயங்கியே இதைச் சொல்வேன்.

உலர் பழங்களின் கணக்கு வேறு. திராட்சையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்; ஒரு கிலோ உலர் திராட்சைக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பழம் தேவை. கொத்தோடு தின்றால் பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும் பழம், காய்ந்தபின் இரண்டு வாயில் முடிந்துவிடுகிறது. அதன் சர்க்கரை மட்டும் எங்கும் போகவில்லை. உலர் திராட்சையின் எடையில் சுமார் 60 சதவீதம் சர்க்கரைதான். பெரிய மெஜூல் பேரீச்சை ஒன்றிலேயே சுமார் 16 கிராம் இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுக்களும் கூடவே இருப்பதால் இவற்றை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் கொட்டைக்குச் சொன்ன 30 கிராமை உலர் பழத்துக்கும் உச்ச வரம்பாக வைத்துக்கொண்டு, நீரிழிவு உள்ளவர்கள் அதிலும் பாதியோடு நிறுத்திக்கொள்ளுமாறு நான் சொல்வதுண்டு. பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நாள் முழுவதும் கொறிப்பதைவிட உணவோடு சேர்த்து ஒரே வேளையில் உண்பது நல்லது.

இரண்டையும் கலந்து விற்கும் பொட்டலங்களில் அளவு தெரியாமல் போய்விடுகிறது. அன்றைய பங்கைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுவது, மன உறுதியை நம்புவதைவிட எளிது. கலவையில் பிரேசில் கொட்டை இருந்தால் ஒன்றிரண்டு போதும்; ஒரே கொட்டையில் நாளொன்றுக்குத் தேவையான 55 மைக்ரோகிராமைத் தாண்டிய செலினியம் என்ற தாது இருக்கக்கூடும், அது தொடர்ந்து மிகுந்தால் முடி உதிரும், நகம் உடையும்.

இந்த அளவுகள் எல்லாருக்கும் பொருந்துபவை அல்ல. சிறுநீரகச் செயல்பாடு குறைந்து, பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் உலர் பழத்தைத் தொடுவதற்கு முன்பும், ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் பாதாம் உண்பதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயம் இருப்பதால், முழுக்கொட்டை ஒன்றுகூடத் தரக்கூடாது. ஒவ்வாமை இல்லையெனில் நன்றாகப் பொடித்தோ மிருதுவாக அரைத்தோ உணவில் கலந்து தரலாம்.