ரமலானில் சர்க்கரை மீட்டரைப் பூட்டி வைக்காதீர்கள்

"விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமா?" கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி என்று டெல்டா முழுக்க இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. முறியாது. சத்தேற்றாத மருந்து ஊசிகளும் நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1997-லேயே தீர்மானித்துவிட்டது. இன்சுலினும் அதில் அடங்கும்.

அதிகம் கெடுவது மாத்திரை விஷயத்தில்தான். காலையில் போட்டதை அப்படியே சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, மாற்றிக்கொள்கிறார்கள். கிளிமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரை வயிறு காலியாக இருந்தாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அஸர் (மாலைத் தொழுகை) நேரத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மயங்கி விழுவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

தினம் ஒரு வேளை கிளிமிபிரைடு என்றால் மருத்துவர்கள் நாங்கள் பொதுவாக இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் நேரத்துக்கு) மாற்றுவோம், தேவைப்பட்டால் அளவைக் குறைப்போம். இரண்டு வேளை 30/70 கலவை இன்சுலின் என்றால் காலை அளவு இஃப்தாருக்குப் போகும். இரவு அளவைப் பாதி வரை குறைத்து சஹருக்குக் கொடுப்போம். நீங்களாக மாற்ற வேண்டாம். ரமலானுக்கு இரண்டு மாதம் முந்தைய ரஜப் மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும், நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும், நோன்பைத் திறந்துவிட வேண்டும். இறங்கியிருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நோன்புக் கஞ்சி அல்ல, அதோடு சேரும் வாடா என்ற பலகாரம், சமோசா, ரோஸ்மில்க்.

நோயாளிக்கான சலுகை குர்ஆனின் பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களிலேயே இருக்கிறது. நோய் கூடும், குணமாவது தள்ளிப்போகும் என்று தேர்ந்த மருத்துவர் சொன்னால் நோன்பை விடலாம் என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. மருத்துவரின் சொல்லுக்கு மார்க்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே மதரஸாக்களில் நோன்புப் பாடம் நடத்தும்போது ஒரு மீட்டரையும் மேசையில் வைத்து, 70 என்றால் என்ன, 300 என்றால் என்ன என்று காட்ட வேண்டும். நாளை ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) இதைச் சொல்லப்போகிறவர்கள் அந்த மாணவர்கள்தான்.

டைப் 1 சர்க்கரை, சிறுநீரகப் பாதிப்பு, கர்ப்பம் இருப்போர் நோன்பு வைக்கலாமா வேண்டாமா, என்ன காரணம் என்று மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதை ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) காட்டி, களாவா (விட்ட நோன்பைப் பிறகு வைப்பதா) ஃபித்யாவா (ஈடாக ஏழைக்கு உணவளிப்பதா) என்று கேளுங்கள். ஃபித்யா அளவு ஷாஃபி, ஹனஃபி சட்டப் பிரிவுகளுக்கு வேறுபடும். அதை அவர்தான் சொல்ல வேண்டும்.