இறக்கத்தில் காணாமல் போன பிரேக்

கடலூர் செம்மண்டலத்தில் நான் பட்டறை வைத்து 22 ஆண்டுகளாகின்றன. தார், கூர்க்கா, பொலேரோ, பழைய ஜிப்சி என்று நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளே என்னிடம் அதிகம் வரும். புதுச்சேரிப் பிள்ளைகளும் நெய்வேலிப் பிள்ளைகளும் சனிக்கிழமை விடியற்காலையில் கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குக் கிளம்புவார்கள். திங்கட்கிழமை என் வாசலில் சேறு பூசிய வண்டிகள் வரிசை கட்டும்.

அப்படியொரு திங்கட்கிழமை ஒரு வண்டி லாரியில் ஏறி வந்தது. இடதுபக்க மட்கார்டு நசுங்கியிருந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் தரைவரை போய்விட்டதாம். ஓட்டி வந்த பையன் சமயோசிதமாக வண்டியை மலைச்சுவர்ப் பக்கம் ஒடித்து உரசி நிறுத்தியிருக்கிறான். மறுபக்கம் பள்ளம். நான் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். கல் மாதிரி நின்றது.

"அண்ணா, சத்தியமாக உள்ளே போனது. நீங்களும் நம்ப மாட்டீர்களா?" என்று கேட்டான்.

நம்பினேன். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் வரக்காப்பி போல இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினாய் என்றேன். "அதை மாற்ற வேண்டுமா?" என்றான். வண்டியைப் பழையதாக வாங்கி ஐந்து ஆண்டுகள். கூரையில் விளக்குப் பட்டை, பெரிய டயர், இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் எல்லாம் இருந்தன. சில நூறு ரூபாய் ஆயில்தான் இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ரப்பர் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறி, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழாகிறது. ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால்தான் பெடல் தரைக்குப் போகிறது. ஆறியதும் குமிழ் அடங்கி, பெடல் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வரும். "ஏதோ ஒருமுறை அப்படி ஆயிற்று" என்று அடுத்த வாரமும் மலை ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு கலங்கும்.

எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் வண்டி திணறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கம் அப்படி நிற்க விடாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. கரடுமுரடான செங்குத்தில், நான்கு சக்கரத்தையும் மெதுவாக, பலமாகச் சுழற்றும் 'ஃபோர் லோ' போட்டு முதல் கியரில் விடுங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஒருமுறை ஜீப்பில் போனேன். இறங்கும்போது ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் முனகியது, பிரேக்கை அவர் எப்போதாவதுதான் தொட்டார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி இறங்குவது தற்கொலைக்குச் சமம். புதிய வண்டிகளில் இறக்கத்தைத் தானே கட்டுப்படுத்தும் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அதுவும் பிரேக்கைத்தான் பிடித்துப் பிடித்து விடுகிறது. சூடு அதே சூடுதான்.

கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள், அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். பெடல் உள்ளே போகத் தொடங்கிவிட்டால் விடாமல் வேகவேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும்.

கடலோரக்காரர்களுக்கு இன்னொரு எதிரி உப்பு. மலைக்குப் போகும் முன் பழகிப் பார்க்கிறேன் என்று தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் இறக்கிவிட்டு, மேலே மட்டும் துடைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பையனின் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சிலுக்கு மேலே போகும் இரும்பு பிரேக் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் நகத்தால் சுரண்டினேன். கறுப்பு பெயின்டோடு துரு செதில் செதிலாக விழுந்தது. பெயின்ட் அடித்து மறைத்து விற்றிருக்கிறார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிளிப்புகளின் அடியைப் பாருங்கள். மணலில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். குறுகலான மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், இதுவும் சட்டம்தான். டயர் காற்றைப் பாறையிலும் மணலிலும் குறைக்கலாம். ஆனால் தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்ப வேண்டும்.

பையனுக்கு பைப் முழுதும் மாற்றி, டாட் 4 ஊற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துவிடு என்று தேதி எழுதி ஒட்டி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தான். பானட்டைத் திறந்து, "பாருங்கள் அண்ணா, தேன் மாதிரி இருக்கிறது" என்றான். இருந்தது. பேசிக்கொண்டே டயரில் காற்றளவு பார்க்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். நாமக்கல்லிலிருந்து கடலூர் வரை காற்றைத் திரும்ப நிரப்பாமல் பதினெட்டு பி.எஸ்.ஐ.யிலேயே ஓட்டி வந்திருக்கிறான்.