நினைவு தப்பிய பின் பவர் பத்திரம் செல்லாது

இந்த மாதமும் ஒரு குடும்பம் பவர் பத்திரத்தோடு என்னிடம் வந்திருந்தது. தந்தைக்கு மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாத நிலை. அவர் திடமாக இருந்த காலத்தில் மூத்த மகனுக்குப் பதிவு செய்துகொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு மகன் ஒரு மனையை விற்று, அந்தப் பணத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார். இப்போது இளைய மகள் வழக்குப் போட்டிருக்கிறார். தந்தைக்குச் சுயநினைவு தவறிவிட்டதாக நரம்பியல் மருத்துவர் எழுதிய சீட்டு, கிரையத் தேதிக்குப் பல மாதங்கள் முந்தையது. மகன் ஒரு ரூபாயையும் தனக்கென எடுக்கவில்லை. ஆனாலும் கிரையத்தில் கையெழுத்திட்ட நாளில் அவருக்கு அதிகாரம் இருந்ததா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ, அதைப் பெற்றவரின், அதாவது முகவரின், அதிகாரம் முடிந்துவிடும். 'அப்பாவுக்கு முடியாமல் போனால் பயன்படும்' என்று எழுதி வாங்கப்படும் பத்திரம், அப்பாவுக்கு உண்மையிலேயே முடியாமல் போகும் நாளில் சட்டப்படி உயிரிழந்துவிடுகிறது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர்கள் அடுக்கும் பதில்கள் எப்போதும் ஒன்றுதான். பத்திரம் பதிவாகியிருக்கிறதே என்பார்கள். பதிவு என்பது எழுதிக்கொடுத்ததற்குச் சான்றேயன்றி அதிகாரத்துக்கு ஆயுள் நீட்டிப்பு அன்று. யாரும் ரத்து செய்யவில்லையே, வில்லங்கச் சான்றில் அப்படியே இருக்கிறதே என்பார்கள். சட்டத்தின் இயக்கத்தால் முடிந்துபோனதை எவரும் தனியாக ரத்து செய்ய வேண்டியதில்லை. மருத்துவரிடம் வாங்கிய ஆயுள் சான்றைச் சார்பதிவாளரே ஏற்றுக்கொண்டாரே என்பார்கள். அந்தச் சான்று அவர் உயிருடன் இருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது, அவருக்குப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது என்று சொல்லவில்லை. 'ரத்து செய்ய இயலாத பவர்' என்று தலைப்பில் எழுதியிருக்கிறதே என்பது கடைசி வாதம். முகவருக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை இருந்தால்தான் 202ஆம் பிரிவின் விதிவிலக்கு பொருந்தும். தலைப்பில் எழுதிவிடுவதால் பொருந்தாது. சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர்கள் அங்குள்ள 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி'யைப் பற்றிச் சொல்லக் கேட்டு வருபவர்களும் உண்டு. திறன் இழந்த பின்னும் தொடரும் அத்தகைய ஏற்பாட்டை இந்தியச் சட்டம் இதுவரை தரவில்லை.

இதைவிட மோசமானது மருத்துவமனைப் படுக்கையில் நடப்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தின் பிடியில் கிடப்பவரின் இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி முத்திரைத்தாளில் உருட்டுகிறார்கள். மை கலங்கி, ரேகையே தெரியாத அந்தக் கறையை வைத்துக்கொண்டு பிறகு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், உதவவும் போகாதீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போடும் மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரரும் கூடக் கூண்டில் ஏற நேரிடும்.

இன்னொன்று, நாமினி. நாமினியின் உரிமை கணக்குதாரர் இறந்த பிறகே தொடங்கும். அவர் நினைவின்றிக் கிடக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் பிரதிநிதியும் மனநலச் சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கே உரியவர். வீட்டை விற்க அவருக்கு அதிகாரமில்லை. பழைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்து நிர்வாகத்துக்கென ஓர் அத்தியாயமே இருந்தது. புதிய சட்டம் அதை விட்டுவிட்டது. இந்த வெற்றிடத்தால் அல்லல்படுவது சாதாரணக் குடும்பங்களே என்பதைச் சட்டம் இயற்றுவோர் உணர வேண்டும்.

எனவே எஞ்சியிருக்கும் வழிகளில் முதன்மையானது, அரசியலமைப்பின் 226ஆம் கூறின் கீழ், நோயாளிக்குக் காப்பாளரை நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும், வருவாய்த்துறை அலுவலர் நேரில் விசாரிக்க வேண்டும், வாரிசுகள், சொத்துகள் அனைத்தையும் மனுவில் காட்ட வேண்டும், காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாகப் போட உத்தரவிட்டது. அந்தப் பெண்ணின் மனுவைத் தனி நீதிபதி முதலில் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணவர் படுத்த படுக்கையாய் இருக்க, நீதிமன்றப் படி ஏறி இறங்குவது எளிதன்று. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடமே விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள் என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியதை முன்பே செய்யுங்கள். மறதி நோய் என்று மருத்துவர் முதன்முதலில் சொல்லும் அன்றே திறன் போய்விடுவதில்லை. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தன் நலனில் அதனால் வரும் விளைவைச் சீர்தூக்கிப் பார்க்க முடிந்தால் போதும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அந்த மாதங்களை வீணாக்காதீர்கள். அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். வைப்பு ரசீதில் 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று இருந்தால் உடனே திருத்துங்கள். முதலாமவர் படுக்கையில் விழுந்தால் இரண்டாமவர் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். சொத்துகள் அதிகம் இருந்தால் தனியார் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்துவதைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஏற்படுத்தியவர் பின்னாளில் திறன் இழந்தாலும் முறையாக அமைந்த அறக்கட்டளை முடிந்துபோவதில்லை. தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கும் பெரியவர்களே, வாங்குபவர் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் நிவாரணம் கேட்க அந்த வரி மிகவும் உதவும்.

வயதானவர் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலும், அதே நாளில் அவரைப் பரிசோதித்த மருத்துவரிடம் அவருடைய மனத்திறன் குறித்துத் தனியாக ஒரு சான்று வாங்கி வையுங்கள். 'நல்ல உடல்நலத்துடன் உள்ளார்' என்ற ஒற்றை வரி போதாது. என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார், எந்தச் சொத்து யாருக்குப் போகிறது என்று அவரால் சொல்ல முடிந்ததா என்பது அதில் இருக்க வேண்டும். அவரால் நடக்க முடியாவிட்டால், தக்க காரணத்தைக் காட்டி விண்ணப்பித்துச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்ய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இடம் தருகிறது.