மியூசிக்கல்: பாட்டா, நாடகமா?

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் மேடையேறும் நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் அதிகம் சண்டைக்கு உள்ளாவது 'பெஸ்ட் மியூசிக்கல்'. இதைச் 'சிறந்த இசை' என்று தமிழில் எழுதினால் பொருளே மாறிவிடும். பாட்டும் வசனமும் பெரும்பாலும் ஆட்டமும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும் மேடை நாடகம்தான் மியூசிக்கல். விருது அந்த முழு நாடகத்துக்கு. பாட்டுக்கும் மெட்டுக்கும் தனி விருது, கதை வசனத்துக்குத் தனி விருது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. மியூஸ் என்னும் கலைத் தெய்வங்களுக்குரிய கலை 'மூசிகே'. கவிதையும் ஆட்டமும்கூட அதில் அடக்கம். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் இசையளவில் சுருங்கிவிட்டது. 'மியூசிக்கல்' முதலில் வெறும் பெயரடை. 1890களில் லண்டன் மேடைகளில் 'மியூசிக்கல் காமெடி' கொடிகட்டிப் பறந்தது. 1943இல் மேடையேறிய 'ஓக்லஹோமா!' என்ற நாடகம் தன்னை 'மியூசிக்கல் பிளே' என்று அறிவித்துக்கொண்டது. காலப்போக்கில் பின்சொல் உதிர்ந்து, பெயரடையே பெயராக நின்றது.

சண்டைக்கு வேரும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பாட்டைப் பார்ப்பவர் ஒரு பக்கம், நாடகத்தைப் பார்ப்பவர் மறுபக்கம். 1972ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டீபன் சாண்டைம் பாட்டெழுதி இசையமைத்த 'ஃபாலீஸ்' இசை, இயக்கம், நடனம் உட்பட ஏழு டோனிகளை வாங்கியது. பெரிய பரிசான 'பெஸ்ட் மியூசிக்கலும்' கதை வசன விருதும் ஷேக்ஸ்பியர் கதையைத் தழுவிய 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'வுக்குப் போயின. ஃபாலீஸில் கதை மெலிந்தது என்பது உண்மைதான். இடிக்கப்போகும் ஓர் அரங்கில் பழைய ஆட்டக்காரிகள் கூடுகிறார்கள், அவ்வளவே. ஆனால் அவர்களுடைய இழப்பும் ஏமாற்றமும் பாட்டுக்குள்ளேயே நடக்கின்றன. பாட்டை எடுத்துவிட்டால் நாடகமே இல்லை. மியூசிக்கல் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான படைப்பு அந்த ஆண்டில் இல்லை. பரிசு அதற்குத்தான் போயிருக்க வேண்டும்.

1976இல் 'சிகாகோ' 11 பரிந்துரை பெற்று ஒன்றையும் வெல்லவில்லை. 'எ கோரஸ் லைன்' ஒன்பது விருதுகளோடு வென்றது. 1996இல் மறுபடி மேடையேறிய சிகாகோ பல்லாண்டு ஓடியதைக் காட்டி, அன்று அநியாயம் நடந்தது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாய்ப்புத் தேடி வரும் ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை ஆட்டமாகவே சொன்ன கோரஸ் லைனுக்குக் கிடைத்தது நியாயமான வெற்றி. பின்னாளில் ஓடிய கணக்கை வைத்து முன்னாள் தீர்ப்பை எடைபோடக் கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'இசை நாடகம்' நம் மேடையில் ஏற்கெனவே புழங்கும் பெயர். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அப்படித்தான் அழைக்கிறோம். அவற்றிலும் பாட்டும் வசனமும் கலந்தே வரும். சிலர் இதே பெயரை ஓபராவுக்கும் வைக்கிறார்கள். ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு என்பதால் அதை ஓபரா என்றே விட்டுவிடுவது நல்லது.

அப்புறம், டோனி பட்டியலில் 'பெஸ்ட் ஸ்கோர்' வந்தால் 'சிறந்த பாடலும் இசையும்' என்று எழுதலாம். அந்த விருது இரண்டையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது. 'ரிவைவல்' என்றால் மறுமேடையேற்றம். 'பெஸ்ட் புக்' வந்தால் 'சிறந்த நூல்' என்று எழுதிவிட வேண்டாம், அது கதை வசனம்.