தோப்புக் காவல்காரரும் நினைவகப் பக்கமும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடும்போது பேச்சு தெளிவாக இருக்கும்: காயைப் பறிக்கலாம், கிளையில் கை வைக்கக்கூடாது. எங்கள் பெங்களூரா தோப்பில் ஒரு வருஷம் இரண்டு கிளையை இறக்கிவிட்டார்கள். எங்களுக்குத் தெரியவந்தது மூன்று நாள் கழித்து.

கணினிக்குள்ளும் இதே குத்தகைதான். ஆனால் அங்கே மீறினால் அந்த நொடியே பிடிபடும்.

ஒரு நிரல் 1 ஜிபி நினைவகம் கேட்டால், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பெரும்பாலும் உடனே சரி என்றுவிடும். கொடுத்ததோ வெறும் முகவரிகள். நினைவகம் பொதுவாக 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. 1 ஜிபி என்றால் 2,62,144 பக்கங்கள். நிரல் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுதப் போகும்போதுதான் புராசஸர் 'பேஜ் ஃபால்ட்' என்று கெர்னலைக் கூப்பிடுகிறது. கெர்னல் ஒரு காலிப் பக்கத்தை எடுத்து, பூஜ்யத்தால் துடைத்து (முன்பு இருந்தவரின் கடவுச்சொல் அடுத்தவர் கண்ணில் படக்கூடாதே), பேஜ் டேபிள் என்ற ஏட்டில் பதிந்து கொடுக்கிறது. அன்றாட வேலைக்கு 'ஃபால்ட்' என்று ஏன்தான் பெயர் வைத்தார்களோ!

ஏட்டின் ஒவ்வொரு பதிவிலும் உரிமைகளும் இருக்கும். இதில் எழுதலாமா? சாதாரண நிரல் தொடலாமா? இதிலுள்ளதைக் கட்டளையாக இயக்கலாமா? இந்த மூன்றாவது கேள்வி இன்டெல் வகைப் புராசஸர்களின் பக்க ஏட்டில் வெகுகாலம் இல்லவே இல்லை. தரவு என்று உள்ளே வந்த பைட்டுகளைக் கட்டளையாக ஓடவைக்கும் தந்திரத்தை 1988-லேயே இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் வேறு வகைக் கணினிகளில் காட்டியிருந்தது. 2003-ல் ஏஎம்டியின் 64 பிட் சிப்கள்தான் பதிவின் கடைசி பிட்டை இதற்கு ஒதுக்கின. அதே ஆண்டு ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஒரு பக்கத்தில் எழுதலாம், அல்லது இயக்கலாம், இரண்டும் சேர்ந்து கூடாது.

கெர்னல் தனக்கும் இந்த விதியை வைத்துக்கொள்கிறது. புதிய டிரைவரை (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) ஏற்றும்போது, எழுதும் உரிமை உள்ள, இயக்கும் உரிமை இல்லாத பக்கங்களில் அதன் கட்டளைகளை நிரப்பும். பிறகு எழுதும் உரிமையைப் பறித்து, இயக்கும் உரிமையைத் தரும்.

சிக்கல் இங்கேதான். உரிமையைச் சரிபார்க்க வாசலில் நிற்கும் காவல்காரர் புராசஸர்தான். அவர் ஒவ்வொரு முறையும் ஏட்டைப் புரட்ட மாட்டார். பெரும்பாலும் நான்கடுக்கு ஏடு அது. ஒருமுறை தேடவே நான்கு தடவை நினைவகத்தைப் படிக்க வேண்டும். அதனால் அண்மையில் பார்த்த பதிவுகளை டிஎல்பி என்ற சின்ன மனப்பாடத்தில் வைத்திருக்கிறார். புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்தான் கோர்கள். எட்டு கோர் என்றால் எட்டுக் காவல்காரர்கள், எட்டு மனப்பாடம். ஏட்டில் உரிமையைத் திருத்தினாலும் அவர்கள் பழையதை நம்பி விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே பல புராசஸர்களில், கெர்னல் மற்ற கோர்களுக்கெல்லாம் குறுக்கீடு (செய்யும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சமிக்ஞை) அனுப்பி, "மறந்துவிடு" என்று சொல்லி, எல்லோரும் மறந்தாயிற்று என்று சொல்லும்வரை காத்திருக்கிறது.

உரிமையைக் கூட்டும்போது இவ்வளவு பாடு தேவையில்லை. பழைய நினைப்பில் ஒரு காவல்காரர் தடுத்தால் ஃபால்ட் வரும். கெர்னல் ஏட்டைப் பார்த்து வழிவிடும். பறிக்கும்போதுதான் ஒவ்வொரு வாசலுக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது.