அறுவடை நிலா ஏன் அவ்வளவு சீக்கிரம் வருகிறது?

டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கனடாவில் அக்டோபரில் வரும் அறுவடை நன்றித் திருநாள், எல்லை தாண்டினால் நவம்பரில் வருகிறதே, ஏன்?

அமெரிக்கத் தேதி அரசியல் வைத்தது. உள்நாட்டுப் போரின் நடுவே 1863-இல் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை அறிவித்தார். 1941-இல் சட்டம் அதை நான்காவது வியாழனாக்கியது. கனடாவில் குளிர் முந்திவிடும், அறுவடையும் முந்தும். அக்டோபரின் இரண்டாவது திங்கள் என்பது 1957-இல் முடிவானது.

எனக்குப் பிடித்தது கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசொக். எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமிதான் தேதி. புது அரிசி மாவில் அரைநிலா வடிவக் கொழுக்கட்டை பிடித்து முன்னோருக்குப் படைப்பார்கள். பெரும்பாலும் அது ஐரோப்பிய விவசாயிகள் 'அறுவடை நிலா' என்று கொண்டாடிய, செப்டம்பர் கடைசியை ஒட்டி வரும் அதே பௌர்ணமி. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

நிலா தினமும் சுமார் 13 பாகை கிழக்கே நகர்வதால், சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கும். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் செப்டம்பர் கடைசியில் லண்டனில் பார்த்தால், பௌர்ணமிக்கு மறுநாளும் ஏறத்தாழ 20 நிமிடம்தான் பிந்துகிறது!

ஓர் ஏணியைச் செங்குத்தாக நிறுத்தி 13 படி இறங்குங்கள், ஆழத்துக்குப் போய்விடுவீர்கள். அதே ஏணியைக் கிட்டத்தட்டப் படுக்கப் போட்டால், 13 படி நகர்ந்தும் அதிகம் இறங்கியிருக்க மாட்டீர்கள். அந்த மாலைகளில் லண்டனின் கீழ்வானத்தில் நிலாவின் பாதை சுமார் 15 பாகைச் சாய்வில் படுத்துக் கிடக்கிறது. அதனால் நிலா அடிவானத்துக்குக் கீழே போவதைவிட, வடக்கே பக்கவாட்டில்தான் அதிகம் நகர்கிறது. பூமி கொஞ்சம் சுழன்றாலே போதும், எட்டிப் பார்த்துவிடும். மார்ச் பௌர்ணமியில் ஏணி நிமிர்ந்து நிற்கும், தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

மின்விளக்கு இல்லாத காலத்தில் இது சின்ன விஷயமில்லை. தொடர்ந்து சில நாட்கள், சூரியன் மறைந்து இருட்டுவதற்குள் நிலா வந்துவிடும், கதிர் அறுப்பது நிற்காது.

சென்னையில் அந்த ஏணி எப்போதும் சுமார் 50 பாகையிலோ அதற்கு மேலோதான் நிற்கும், தாமதமும் பெரும்பாலும் 40 நிமிடத்துக்குக் குறைவதில்லை. நம் பொங்கலோ சூரியக் கணக்கு.

அறுவடை நிலா 'ராட்சத அளவில்' தெரியும் என்று வரும் வாட்ஸப் செய்திகளை நம்பாதீர்கள். கையை நீட்டி ஒரு பட்டாணியைப் பிடித்தால் எந்தப் பௌர்ணமியும் மறைந்துவிடும்.

டொரொண்டோ வாசகி அடுத்த செப்டம்பர் பௌர்ணமியிலும் மறுநாளும் நிலா உதிக்கும் நேரத்தைக் குறித்துப் பார்க்கலாம். இடைவெளி அரைமணியை ஒட்டித்தான் இருக்கும்.